சில்லில் பாரம் ஏற வேண்டும்: பெரிய ஜெட் விமானத்தை இறக்கும்போது எயார்பிரேக்கைக் கையாளும் முழு வழிகாட்டி

அம்மா முதன்முதல் பிளேன் ஏறியது சென்னைக்குத்தான். திரும்பி வரும்போது செட்டைக்குச் சற்றுப் பின்னால் யன்னலோர இருக்கை கிடைத்தது. கட்டுநாயக்காவில் சில்லு தரையில் முட்டிய அதே கணம் என் கையை இறுக்கிப் பிடித்தா. "தம்பி, செட்டை பிளந்துபோட்டுது, அங்க பார்!"

செட்டையின் மேல்தோல் வரிசையாகக் கிளம்பி நின்றது. இடைவெளியில் குழாய்களும் இரும்புக் கம்பிகளும் தெரிந்தன. தெரியாத ஒருவர் பார்த்தால் பிளந்துவிட்டது என்றுதான் நினைப்பார். "பயப்படாதேங்கோ அம்மா, அது பிரேக்" என்றேன். அவ கையை விட்டா.

நான் சொன்னது பாதிதான் சரி. மற்றப் பாதி எனக்கே பிறகுதான் விளங்கியது. கோப்பாயில் வீட்டு அறையில், ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு ஜொய்ஸ்ரிக் என்று சிமுலேட்டரில் பறக்கத் தொடங்கிப் பல வருடமாகிறது. நான் விமானி அல்ல. கைநூல்களைப் படித்து, விபத்து அறிக்கைகளைப் படித்து, சிமுலேட்டரில் பல தடவை ஓடுபாதையைத் தாண்டிப் புல்லுக்குள் போய்ப் பழகியவன். இந்த வழிகாட்டியும் என்னைப்போல் வீட்டில் இருந்து பெரிய ஜெட் இறக்கப் பழகுபவர்களுக்கும், யன்னலோரத்தில் இருந்து "அது என்ன?" என்று கேட்பவர்களுக்கும்தான். உண்மையான கொக்பிட்டில் இருப்பவர்களுக்கு அவரவர் நிறுவனக் கைநூல்தான் வேதம்.

முதலில் பெயர்க் குழப்பம்

எயார்பிரேக், ஸ்பீட்பிரேக், ஸ்பொய்லர் என்று மூன்று பெயர் அடிபடும். கண்டிப்பாகப் பார்த்தால் எயார்பிரேக் என்பது காற்றை மறித்து இழுவையை மட்டும் கூட்டுவது. அதற்கு நல்ல உதாரணம் பி.ஏ.ஈ. 146 என்ற நாலு எஞ்சின் விமானம். அதன் வால் நுனி இரண்டாகப் பிரிந்து பூவிதழ்போல விரியும். செட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. லண்டன் சிற்றி விமான நிலையம்போல் செங்குத்தாக இறங்கவேண்டிய இடங்களில் அது பெரிய உதவி.

ஸ்பொய்லர் வேறு. செட்டையின் மேற்புறத்தில் கிளம்பும் பலகைகள் அவை. இழுவையைக் கூட்டுவதோடு செட்டை தரும் தூக்குவிசையையும் கெடுத்துவிடும். போயிங், எயார்பஸ் இரண்டிலும் வானில் ஸ்பீட்பிரேக் என்று சொல்வதும், தரையில் அம்மாவைப் பயப்படுத்தியதும் இந்த ஸ்பொய்லர்கள்தான். ஒரே லிவர்தான் இரண்டையும் ஆளும். நம் பேச்சில் எல்லாமே எயார்பிரேக் என்றாகிவிட்டது. நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

பலாலியில் போய்ப் பார்த்து இதைப் பழகலாம் என்று யாரும் வேலிக்கரையில் காத்து நிற்க வேண்டாம். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமான பிறகு சென்னையிலிருந்து வருவது ஏ.ரி.ஆர். 72. அது விசிறி விமானம். அதன் செட்டையில் ஒரு சின்ன ஸ்பொய்லர் இருந்தாலும் அது சரிந்து திரும்புவதற்கு உதவ மட்டும்தான். தரையிறங்கியதும் விமானி விசிறியின் அலகுகளைத் தட்டையாக்குவார். விசிறி முழுவதும் ஒரு வட்டத் தட்டுப்போலக் காற்றை மறித்து நிற்கும், தேவைப்பட்டால் பின்பக்கமாகவும் தள்ளும். தரைதொட்டதும் ஒரு உறுமல் கேட்குமே, அது இதுதான்.

எண்பதுகளில் வெளிநாடு போன நம் ஆட்கள் பலர் எயார் லங்காவின் லொக்ஹீட் ட்ரைஸ்ராரில் ஏறியிருப்பார்கள். இறங்கும்போது அதன் செட்டைப் பலகைகள் வானிலேயே கொஞ்சம் கிளம்பி, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். விமானி மூக்கை ஆட்டாமலே ஸ்பொய்லர் மூலம் உயரத்தைத் திருத்தும் ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் யன்னலோரத்தில் இருந்தவர்கள் எப்படிப் பயந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

தரையில் இது உண்மையில் செய்யும் வேலை

சைக்கிள் கரியரில் பாரம் இல்லாமல் வேகமாகப் போய்ப் பின் பிரேக்கை இறுக்கிப் பாருங்கள். சில்லு நின்றுவிடும், சைக்கிள் நிற்காது, சறுக்கிக்கொண்டு போகும். அதே சைக்கிளில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு இறுக்குங்கள். ரயர் தாரைக் கவ்விப் பிடிக்கும். பிரேக் ஒன்றுதான், பிரேக் கட்டையும் ஒன்றுதான். மாறியது சில்லின் மேல் உள்ள பாரம்.

விமானம் தரையைத் தொட்ட நொடியில் அதன் நிலை பாரமில்லாத கரியர்தான். போயிங் 737-800 ஒன்று ஏறத்தாழ 140 நொட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் தொடுகிறது என்று வையுங்கள். ஒரு நொடிக்கு முன்வரை முழு விமானத்தையும் தூக்கிக்கொண்டிருந்த செட்டை, சில்லு முட்டிவிட்டது என்பதற்காக வேலையை நிறுத்திவிடாது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு போகும். வேகம் 100 நொட்டுக்கு இறங்கிய பிறகும் அதே நிலையில் செட்டை பழைய தூக்கலில் பாதியைத் தந்துகொண்டிருக்கும். அதுவரை சில்லுக்கு முழுப் பாரம் வராது, எவ்வளவு நல்ல பிரேக் என்றாலும் பிடிக்காது.

ஸ்பொய்லர் கிளம்பியதும் செட்டை மேலே ஓடும் காற்று குலைகிறது. தூக்கல் விழுகிறது. விமானத்தின் எடை பொத்தென்று சில்லில் ஏறுகிறது. அரிசி மூட்டை ஏறிவிட்டது. தரையிறங்கியபின் ஸ்பீட்பிரேக் எழும்பாவிட்டால் ஆரம்பத்தில் பிரேக்கின் பிடிப்பு 60 வீதம் வரை குறையலாம் என்று போயிங்கின் பயிற்சிக் கைநூலே சொல்கிறது. ஆகவே அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது: "அது பிரேக் இல்லை அம்மா, பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது."

காற்றை மறிப்பதும் நடக்கிறதுதான். சோளகக் காற்றில் பண்ணைப் பாலத்தால் தகரத் தகடு ஒன்றைச் சைக்கிளில் கொண்டுபோனவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தகட்டைக் கிடையாகப் பிடித்தால் ஆளையே தூக்கப் பார்க்கும். நிமிர்த்திப் பிடித்தால் மிதிக்கவே விடாது. ஆனால் இந்த மறிப்பும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் போகும், வேகம் குறையக் குறைய அதுவும் செத்துவிடும். அதனால் முதல் சில நொடிகள்தான் பொன். பிந்திக் கிளம்பும் ஸ்பொய்லருக்குப் பாதி மதிப்புத்தான்.

உங்கள் லிவரைக் கண்ணை மூடிக்கொண்டு அறிந்திருங்கள்

737-800இல் ஸ்பீட்பிரேக் லிவர், எஞ்சின் தள்ளலைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லிவர்களுக்கு இடப்பக்கம், கப்டனின் வலது கைக்குக் கிட்ட இருக்கும். முழுக்க முன்னால் இருந்தால் 'டவுண்'. அதிலிருந்து சற்றுப் பின்னால் 'ஆம்ட்', அதாவது தரை தொட்டதும் தானே கிளம்பத் தயார் நிலை. இன்னும் பின்னால் இழுத்தால் 'ஃபிளைட் டிடென்ட்' என்ற ஒரு தடுப்பு. வானில் இருக்கும்போது அதற்கு அங்கால் இழுக்கவே கூடாது. கடைசி நிலை 'அப்', அது தரைக்கு மட்டும். செட்டைக்கு ஆறு வீதம் மொத்தம் 12 பலகை. அதில் எட்டுத்தான் வானில் கிளம்பும். மற்ற நாலும் தரைக்கு உரியவை, வலது பிரதான சில்லின் தண்டு அமுங்கினால் மட்டும் எழும்பும்.

எயார்பஸ் ஏ320இல் லிவரைப் பின்னால் இழுத்தால் ஸ்பீட்பிரேக். மேலே தூக்கினால் ஒரு வெள்ளைப் பட்டி தெரியும், அதுதான் தரை ஸ்பொய்லர் தயார் என்ற அடையாளம். செட்டைக்கு ஐந்து பலகை, நடுவிலுள்ள மூன்றுதான் வானில் ஸ்பீட்பிரேக், தரையில் ஐந்தும். ஓட்டோபைலட் போட்டிருந்தால் கையால் ஓட்டும்போது கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான் கிளம்பும். 'முழுக்க இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு விடை இதுதான்.

சிமுலேட்டர்காரருக்கு ஒரு வார்த்தை. ஸ்பீட்பிரேக்கை ஒரு தட்டச்சு விசையில் வைத்திருந்தால் ஒரே அமுக்கில் முழுக்கக் கிளம்பிவிடும், அது பழக்கத்தைக் கெடுக்கும். ஜொய்ஸ்ரிக்கில் மிச்சமாக இருக்கும் ஏதாவது ஒரு சறுக்கு லிவரில் கட்டுங்கள். தயார் நிலைக்கு மட்டும் தனிப் பொத்தான் வையுங்கள்.

இறக்கத்தில்: கணக்குப் பிழைத்தால்தான் இது தேவை

சென்னைக்கும் கட்டுநாயக்காவுக்கும் நேர்கோடு இழுத்தால் அது யாழ்ப்பாணத்து வானத்தால்தான் போகும். அந்தக் கோட்டிலேயே கணக்குப் பார்ப்போம், நமக்கு ஊர் தெரியும்.

விமானம் 35,000 அடியில் வருகிறது. உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கு, வேகம் குறைக்கப் பத்தைக் கூட்டு; அத்தனை கடல் மைலுக்கு முன்னர் இறங்கத் தொடங்க வேண்டும். 35 தர 3 என்றால் 105, பத்தோடு 115 கடல் மைல். நமக்கு மேலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 155 கடல் மைல். ஆக யாழ்ப்பாணத்தைத் தாண்டி, மன்னாரை நெருங்கும்போது எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு இறங்கத் தொடங்கினால் கடைசிவரை எயார்பிரேக்கைத் தொடவே தேவையில்லை. நல்ல இறக்கம் என்றால் அதுதான். ஹற்றன் றோட்டில் பிரேக்கில் கால் வைக்காமலே கியரில் இறக்கும் லொறிச் சாரதியைப் போல.

ஆனால் உலகம் அப்படி விடாது. கட்டுப்பாட்டாளர் வேறு விமானத்துக்காக உங்களை உயரத்திலேயே வைத்திருக்கிறார். புத்தளத்துக்கு நேரே வரும்போது மிச்சம் 50 கடல் மைல், நீங்கள் இருக்கவேண்டியது ஏறத்தாழ 13,000 அடியில். இருப்பதோ 18,000 அடியில். 18 தர 3, கூட்டல் பத்து, 64. பதினாலு மைல் கடன். இப்போதுதான் லிவர்.

எப்படிப் பயன்படுத்துவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் த்ரஸ்ட் சும்மா ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் தள்ள, எயார்பிரேக் இழுக்க என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது வீட்டில் ஃபானையும் அடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது மாதிரி.

அடுத்தது வேகம். நிறையப் பேர் இங்கேதான் பிழைவிடுகிறார்கள். உயரம் கூட என்றதும் வேகத்தைக் குறைக்கிறார்கள். மாறாக, விதி விடும் அளவுக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு எயார்பிரேக்கைப் போடுங்கள். 250 நொட்டில் இருந்து 300 நொட்டுக்குப் போனால் அதே பலகை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இழுக்கும். முதலில் இறங்குங்கள், பிறகு வேகம் குறையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஜெட் விமானம் இரண்டையும் தராது. 10,000 அடிக்குக் கீழே 250 நொட் என்ற கட்டு வருமென்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, லிவரை மெதுவாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பயணிகளின் வயிறு தொண்டைக்கு வரும். கிளம்பியதும் ஒரு நடுக்கம் வரும். என் மருமகன் முதல் தடவை "மாமா, என்ன பழுதாப் போட்டுதோ? குலுங்குது!" என்றான். பழுதில்லை. குலைந்த காற்று பின்னால் போய் வாலில் மோதுகிறது.

நாலாவது படிதான் முக்கியம். லிவரை இழுத்த கையை அதிலேயே வைத்திருங்கள். போயிங்கின் அறிவுரையும் இதுதான். காரணம் நுணுக்கமானதல்ல, மனிதன் மறப்பான். கை அங்கே இருந்தால் மறக்க மாட்டான். தேவைப்பட்ட உயரத்துக்கு ஆயிரம் அடி இருக்கும்போதே மடக்கத் தொடங்குங்கள். த்ரஸ்டைக் கூட்டுவதற்கு முன் மடங்கியிருக்க வேண்டும்.

பிளாப், அதாவது மெதுவாகப் பறப்பதற்காகச் செட்டையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை, இறங்கிய பிறகு எயார்பிரேக்கைப் போடுவதைத் தவிருங்கள். 737இல் பிளாப் 5 என்ற நிலையைத் தாண்டியதும் நடுக்கம் கூடும், வேண்டாம் என்கிறது கைநூல். ஏ320இல் பிளாப்பை முழுக்க இறக்கினால் ஸ்பீட்பிரேக் தானே மடங்கிவிடும். அந்தக் கட்டத்திலும் உயரம் கூட என்றால் சில்லை இறக்குங்கள். 737இல் 270 நொட்டுக்குக் கீழே சில்லு இறக்கலாம். சத்தம் கூட, பார்க்க அழகில்லை, ஆனால் அதைப்போல நம்பகமான எயார்பிரேக் வேறில்லை. என் கருத்தில் புதிதாகப் பழகுபவர்கள் சில்லை இறக்கக் கூச்சப்படுவதுதான் பெரிய பிழை.

ஆயிரம் அடி: மடக்கு

தரையிலிருந்து 1,000 அடிக்கு முன்னரே ஸ்பீட்பிரேக் மடங்கியிருக்க வேண்டும். மடக்கியபிறகும் உயரமோ வேகமோ கூட இருந்தால் அந்த இறக்கம் உங்களுடையதல்ல, திரும்பச் சுற்றி வாருங்கள். சிமுலேட்டரில் எரிபொருளுக்குக் காசில்லை.

மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1995 டிசம்பர் 20. கொலம்பியாவின் காலி நகரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் 965, போயிங் 757. வழி தவறி மலைகளுக்கிடையில் வந்துவிட்டது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்ததும் விமானிகள் மூக்கைத் தூக்கி முழு த்ரஸ்ட் கொடுத்தார்கள். ஸ்பீட்பிரேக் கிளம்பியபடியே இருந்தது. இறக்கத்துக்காக முன்னர் இழுத்தது, யாரும் மடக்கவில்லை. மலை முகட்டுக்குச் சற்றுக் கீழே மோதியது. 163 பேரில் உயிர் தப்பியவர்கள் நாலு பேர். ஏ320இல் த்ரஸ்டை முழுக்கத் தள்ளினால் பலகைகள் தானே மடங்கும். 757இல் அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் விமானம் எந்த வகை என்று பறக்க முன்னரே தெரிந்திருங்கள்.

தயார் நிலை: தயாராக்கு, கிளப்பாதே

737இல் சில்லை இறக்கி பிளாப் 15 கேட்கும் வேளையில் லிவரை 'ஆம்ட்' நிலைக்குக் கொண்டுவருவது வழக்கம். வைத்தபின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அதற்குப் பதிலாக மஞ்சளாக 'தயாராக்காதே' என்ற விளக்கு எரிந்தால் திரும்ப முன்னால் தள்ளிவிட்டு, தரையில் கையால் இழுக்க ஆயத்தமாகுங்கள். ஏ320இல் லிவரை மேலே தூக்கி, திரையில் தரை ஸ்பொய்லர் தயார் என்ற வரி வந்துவிட்டதா என்று பாருங்கள். தரையிறங்கும் சரிபார்ப்புப் பட்டியலில் இது இருக்கும். வாயால் வாசித்தால் போதாது, கண் லிவருக்குப் போக வேண்டும்.

தயார் நிலையில் வைப்பதும் கிளப்புவதும் ஒரே லிவரில் இருப்பதன் ஆபத்தை உலகம் 1970 யூலை 5இல் ரொறன்ரோவில் கண்டது. எயார் கனடா 621, டி.சி. 8. அந்த லிவரைத் தூக்கினால் தயார், பின்னால் இழுத்தால் கிளம்பும். அந்த விமானிகள் இருவருக்கும் அதை எப்போது தயாராக்குவது என்பதில் ஒத்த கருத்து இல்லை. தரைக்கு ஏறத்தாழ 60 அடியில் துணை விமானி தயாராக்கப் போய்க் கிளப்பிவிட்டார். விமானம் கல்லுப்போல் விழுந்தது, எஞ்சின் ஒன்று கழன்றது. திரும்ப மேலெழுந்து சுற்றி வரும்போது வெடித்துச் சிதறியது. 109 பேர். அது விழுந்த வயல்வெளி இருப்பது இன்று நம் உறவினர் பலர் வீடு வாங்கியிருக்கும் பிரம்டன் பக்கம்.

அதனால் நான் மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்த விதி: தயாராக்கும் வேலை 1,000 அடிக்கு மேலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, சில்லு முட்டும்வரை அந்த லிவர் நெருப்பு. தொடாதே.

தொட்ட நொடி

த்ரஸ்ட் லிவர்களைச் சும்மா ஓடும் நிலைக்கு முழுக்க இழுத்துக்கொண்டு தொடுங்கள். 'முழுக்க' என்பதைக் கவனியுங்கள். 737இல் தானாகக் கிளம்ப மூன்று காரியம் சேர வேண்டும்: உயரமானி 10 அடிக்குக் கீழே காட்ட வேண்டும், சில்லு சுழன்று வேகம் பிடிக்க வேண்டும், இரண்டு த்ரஸ்ட் லிவரும் சும்மா ஓடும் நிலையில் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் லிவர் தானே பின்னால் ஓடிவரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்த சத்தம்.

ஒன்று குறைந்தால் வராது. 2007 யூலை 17இல் சாவோ பாலோவின் கொங்கோனியாஸ் விமான நிலையத்தில் ஏ320 ஒன்றின் ஒரு த்ரஸ்ட் லிவர் மட்டும் ஏறும் நிலையிலேயே விடுபட்டிருந்தது. ஸ்பொய்லர் கிளம்பவில்லை. ஏ320இல் ஓட்டோபிரேக் (தானாகப் பிடிக்கும் சில்லுப் பிரேக்) ஸ்பொய்லரின் கட்டளைக்குத்தான் காத்திருக்கும், ஆகவே அதுவும் வரவில்லை. 199 பேர் இறந்தார்கள்.

மெத்தென்று தொட்டுப் பேர் வாங்க ஆசைப்படுபவர்களுக்கு 1993 செப்ரெம்பர் 14, வார்சோ. லுஃப்தான்சா 2904, ஏ320. மழை, பக்கக் காற்று, ஒரு சில்லில் மட்டும் மெதுவாகத் தொட்டது. இரு பக்கத் தண்டிலும் போதிய பாரம் ஏறவில்லை, வெள்ளத்தில் சில்லும் போதிய வேகம் பிடிக்கவில்லை. விமானம் இன்னும் தரையில் இல்லை என்று கணினி நினைத்தது. ஒன்பது நொடி வரை ஸ்பொய்லர் வரவில்லை. ஓடுபாதை முடிந்து மண்மேட்டில் மோதியது. இருவர் இறந்தார்கள். நனைந்த ஓடுபாதையில் அழுத்தி வைப்பதுதான் நல்ல இறக்கம். 200 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் உள்ள ரயர் ஏறத்தாழ 127 நொட்டுக்கு மேல் வெள்ளத்தில் மிதக்கக்கூடும் என்பது பழைய கணக்கு. நீங்கள் தொடும் வேகம் அதற்கும் மேலே. மாரி மழைக்குள் இறங்கும்போது இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

தொட்டதும் மற்ற விமானி லிவரைப் பார்த்து "ஸ்பீட்பிரேக்ஸ் அப்" என்று உரத்துச் சொல்ல வேண்டும். எழும்பவில்லை என்றால் அதையும் உரத்துச் சொல்ல வேண்டும், உடனே கையால் இழுக்க வேண்டும். இந்த இரண்டு சொல்லின் விலை 1999 யூன் 1இல் தெரிந்தது. அமெரிக்காவின் லிற்றில் றொக்கில் இடிமழைக்குள் இறங்கிய அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1420, எம்.டி. 82. அவசரத்தில் ஸ்பொய்லரைத் தயாராக்க மறந்தார்கள். தொட்டபின் எழும்பியதா என்று பார்க்கவும் இல்லை. ஓடுபாதையைத் தாண்டியது. கப்டனோடு 11 பேர் இறந்தார்கள்.

தனியாகப் பறக்கும் நமக்கு மற்ற விமானி இல்லை. நீங்களே உரத்துச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மா பின்னால் இருந்து சொல்லுவா: "எழும்பிட்டுது."

பிறகு றிவேர்ஸ், அதாவது எஞ்சினின் தள்ளலை முன்பக்கமாகத் திருப்புவது. 737இல் தயாராக்க மறந்திருந்தாலும் றிவேர்ஸ் லிவரைத் தூக்கினால் ஸ்பீட்பிரேக் சேர்ந்து எழும்பும். ஏ320இலும் றிவேர்ஸ் கேட்டால் ஸ்பொய்லர் வரும். நல்ல காப்புத்தான், ஆனால் அதை நம்பித் தயாராக்காமல் விடாதீர்கள். றிவேர்ஸ் பிந்தினால் எல்லாமே பிந்தும். ஸ்பொய்லர் கிளம்பும்போது பல விமானங்களில் மூக்கு சற்று மேலெழ முனையும். ஜொய்ஸ்ரிக்கைச் சற்றுத் தளர்த்தி மூக்குச் சில்லை மெதுவாக இறக்குங்கள். விட்டுவிட்டால் பொத்தென்று விழும், பின்னால் இழுத்தால் வால் தரையில் உரசும்.

துள்ளினால்? சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அப்படியே வைத்திருந்து திரும்பத் தொடவிடுங்கள். பெரிய துள்ளல் என்றால் கவனம், ஸ்பொய்லர் கிளம்பியிருந்தால் இரண்டாவது விழுகை கடுமையாக இருக்கும். த்ரஸ்டைத் தள்ளித் திரும்ப எழும்புங்கள். 737இல் த்ரஸ்ட் லிவரைத் தள்ளினால் ஸ்பீட்பிரேக் லிவர் தானே முன்னால் போகும். போனதா என்று பாருங்கள். றிவேர்ஸ் போட்டுவிட்டால் மட்டும் மேலெழும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், அதன்பின் நிற்பது ஒன்றுதான் வழி.

ஓடுபாதையை விடும்வரை

வேகம் குறைந்துவிட்டது என்று லிவரை அவசரமாக முன்னால் தள்ள வேண்டாம். 737இல் அதை மடக்கினால் ஓட்டோபிரேக்கும் கழன்றுவிடும். முதலில் கால் பிரேக்கில் விமானத்தைக் கையிலெடுங்கள், நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள், ஓடுபாதையை விட்டு வெளியே வாருங்கள். பிறகு மடக்குங்கள், பிளாப்பையும் ஏற்றுங்கள்.

பழகும் முறை

கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர். பழக நல்ல நீளம், பிழைவிட இடமிருக்கிறது. ஒரே எடை, ஒரே வேகம், ஓட்டோபிரேக் இல்லாமல் மூன்று தடவை இறக்குங்கள். முதலாவது, முறையாகத் தயாராக்கி. இரண்டாவது, தயாராக்காமல், றிவேர்ஸால் எழுப்பி. மூன்றாவது, தயாராக்காமலும் றிவேர்ஸ் இல்லாமலும், கண்ணால் கண்டுபிடித்துக் கையால் இழுத்து. ஒவ்வொன்றிலும் எந்த வெளிவழியில் திரும்பினீர்கள் என்று தாளில் எழுதிவையுங்கள்.

மூன்றாவதில் யாரையாவது பக்கத்தில் இருத்தி, சில்லு முட்டியதிலிருந்து லிவர் எழும்பும்வரை எண்ணச் சொல்லுங்கள். 140 நொட்டில் ஒரு நொடிக்கு 72 மீற்றர் போகும். மருமகன் முதல் தடவை இழுத்தபோது நான் ஏழு வரை எண்ணியிருந்தேன். கோப்பாய்ச் சந்தியிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு நடக்கும் தூரம் போய்விட்டது என்றேன். நம்பாமல் கல்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பார்த்தான். அடுத்த தடவை மூன்றில் இழுத்தான்.